பாதி எழுத்தில் எழுந்துவிடு

கும்மிடிப்பூண்டி
19.8.2024

அன்புள்ள பிரின்சி அக்காவுக்கு சுகிர்தா எழுதுவது. மரியே வாழ்க.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூடியவர்கள்: தலைமை ஆசிரியை காயத்ரி டீச்சர், ஒன்றாம் வகுப்பு பானு டீச்சர், சத்துணவு சமைக்கும் பச்சையம்மா, பெற்றோர் சார்பில் ஆட்டோ ஓட்டும் தேசப்பன் அண்ணன், தீயணைப்பு நிலையத்திலிருந்து சரவணகுமார் சார், பிறகு நான். வராதவர் வார்டு மெம்பர்.

கோயிலில் மரியாயின் சேனை ஜெபக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதி எழுதி, வந்தவர் பெயரைப் போடாமல் எனக்கு எந்தக் காகிதமும் தொடங்குவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. இங்கே நானும் இவரும் பிள்ளைகளும் தேவமாதா புண்ணியத்தில் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முட்டி போட்டு ஜெபிக்க முடிகிறதா, நாற்காலி கொடுத்துவிட்டார்களா?

விஷயம் என்னவென்றால், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் படித்த அதே பள்ளிக்கூடம்தான். எட்டாவதோடு நின்றவளை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தேசப்பன் அண்ணன் விடவில்லை. "தோ பாரும்மா, மத்த அம்மாவுங்கல்லாம் ஷிப்டு ஷிப்டா கம்பெனிக்குப் போய்க்கினு இருக்குதுங்க. பகல்ல ஊட்ல கீறது நீ ஒருத்திதான். கூப்ட்ட கொரலுக்கு ஓடியாரணும்ல?" என்றார். ஆக, வீட்டில் இருக்கிறேன் என்பதற்காகக் கிடைத்த பதவி!

முதல் வேலையாக ஆபத்துக்காலப் பயிற்சி. நம் பள்ளியைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் கம்பெனி. சுவருக்கு அந்தப்பக்கம் இரும்பு உருக்குகிறார்கள், இந்தப்பக்கம் பெயிண்ட். உள்ளே பார்த்தால் மூன்று சிவப்பு வாளியிலும் மணலுக்குப் பதில் சாக்லேட் தாள். சரவணகுமார் சார் அதைக் கவிழ்த்துக் காட்டி, "நெருப்பு வந்தா இத தின்னக் குடுக்கலாம்" என்றார். அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நீள மணி அடிக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துப் புங்கமரத்தடிக்கு வந்து சேர வேண்டும் என்று முடிவு.

பிள்ளைகளில் ஷைனி ஐந்தாம் வகுப்பு, புதுக் கட்டடத்தில் மாடி. ஜோயல் இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு, பழைய கட்டடத்தில், சமையற்கூடத்தை ஒட்டி. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் தங்கை
சுகிர்தா


சேசு மரி சூசை
மடம், கொடைரோடு
7.9.2024

அன்புத் தங்கை சுகிர்தாவுக்கு,

உன் கடிதம் கண்டு எல்லாச் சகோதரிகளும் சிரித்தார்கள். உணவு நேரத்தில் படித்துக் காட்டினேன். சாக்லேட் தாள் வந்த இடத்தில் எங்கள் மடத்துத் தலைவி அம்மாவே சிரித்துவிட்டார்.

நான் நலம். நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து திருப்பலி அப்பம் வெட்டுகிறேன். வெட்டிய ஓரத்துண்டுகளை ஜோயலுக்கு அனுப்ப ஆசை, தபாலில் தூளாகிவிடும்.

மணி இன்னும் அந்தத் தண்டவாளத் துண்டுதானா? வேப்பமரத்தில் கட்டியிருந்தது. அதன் சத்தம் இப்போதும் சில நாள் காதில் வரும்.

தலைவியானது நல்லது. உனக்கு எது கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்வாய்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம் பார்க்கும் அறை திறந்திருக்கும். கம்பிக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் வருகிறவர்கள். சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஸ்டீவன் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

உன் அக்கா
பிரின்சி


கும்மிடிப்பூண்டி
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு மரியே வாழ்க.

நாங்கள் நலம். உங்கள் பக்கம் மழை உண்டா? இங்கே வெயிலும் புகையுமாக இருக்கிறது.

பயிற்சி நடந்தது. அதைப் பயிற்சி என்பதா, தேர்த் திருவிழா என்பதா தெரியவில்லை. வேப்பமரம் போய்விட்டது, அந்தத் தண்டவாளத் துண்டு மட்டும் இரும்புக் கழியில் தொங்குகிறது. தேசப்பன் அண்ணன் தோள் வலிக்க அடித்தார். நாலாம் வகுப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏன் என்றால் கணக்கை முடித்துவிட்டு வருகிறார்களாம். ஆறாம் வகுப்பு பென்சிலைச் சீவி டப்பாவில் போட்டு, பையை மாட்டி, வரிசையாக வந்தது. வாசலுக்கு வந்ததும் அத்தனை பேரும் குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வகுப்புக்குள் போகிற பழக்கம் உனக்குத் தெரியும்தானே. குனிந்தவன் மேல் பின்னால் வந்தவன் விழுந்து, அவன் மேல் இன்னொருவன். பச்சையம்மா சாம்பார் குண்டானை இறக்கித் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டாள். "கொயந்தைங்களுக்கு ஒண்ணும் ஆவாது, அதுங்க ஓடிடும். சாம்பாரு ஓடுமா?" என்கிறாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இன்னொன்றுதான் சிரிக்க முடியவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் படியிறங்கி மைதானத்துக்கு வராமல், பாதி பேர் எதிர்த்திசையில் பழைய கட்டடத்துக்கு ஓடினார்கள். தம்பியை எடுக்க, தங்கையை எடுக்க. சின்னப் பிள்ளைகள் வெளியே வர, இவர்கள் உள்ளே போக, வாசலில் அடைப்பு. மரத்தடியில் தலை எண்ணினால் ஒரு பிள்ளை குறைகிறது. அது ஷைனி.

ஜோயல் பானு டீச்சர் கையைப் பிடித்து எப்போதோ வந்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இவள் காலி வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டி வந்தபோது அழுகையில்லை, எரிச்சல்தான். "தம்பி இல்லாம ஊட்டுக்கு வராதன்னு நீதானேம்மா டெய்லி சொல்ற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

சொல்கிறேன்தான். நம் அம்மாவும் அப்படித்தானே சொல்லி அனுப்புவாள்? நீ அஞ்சாவது, நான் ஒண்ணாவது. மணி அடித்ததும் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பாய். நீ வராமல் நான் எழுந்திருக்கவே மாட்டேன். நினைவிருக்கிறதா?

உன் தங்கை
சுகிர்தா


சேசு மரி சூசை
மடம், கொடைரோடு
20.10.2024

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். முழங்காலுக்கு எண்ணெய்க் கட்டு போட்டிருந்தார்கள், உட்காரவிடவில்லை. இப்போது பரவாயில்லை.

நினைவிருக்கிறது.

உன் பள்ளிக்குப் பயன்படுமோ என்று ஒன்று எழுதுகிறேன். எங்கள் மடத்தில் மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால் எழுத்தை முடிக்கக்கூட அனுமதியில்லை. 'க' எழுத ஆரம்பித்துக் கோடு மட்டும் இழுத்திருந்தால் கோட்டோடு எழுந்துவிட வேண்டும். புதிதாக வந்தபோது எனக்கு இதுதான் பெரிய சிலுவையாக இருந்தது. பாத்திரம் கழுவுவதைப் பாதியில் விட முடிந்தது, எழுத்தை விட முடியவில்லை. எங்கள் பழைய தலைவி அம்மா என் நோட்டைப் பார்த்து, "முடித்துவிட்டு வருகிறேன் என்பவள் மணிக்கு வருவதில்லை, தன் இஷ்டத்துக்கு வருகிறாள்" என்பார்.

பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துப் பார். யார் நோட்டில் பாதி எழுத்து நிற்கிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

மூவேளை ஜெபத்தில் உங்கள் எல்லாரையும் சொல்கிறேன். இரண்டாம் ஞாயிறு வழக்கம்போல.

உன் அக்கா
பிரின்சி


கும்மிடிப்பூண்டி
6.11.2024

அன்புள்ள அக்காவுக்கு மரியே வாழ்க.

நலம். உன் முழங்காலுக்காக வேளாங்கண்ணிக்குப் போகிற ஒருவரிடம் மெழுகுவத்தி கொடுத்தனுப்பினேன். எண்ணெய்க் கட்டை அவசரப்பட்டு அவிழ்க்காதே.

உன் பாதி எழுத்து ஊரையே கலக்கிவிட்டது. காயத்ரி டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டாம் பயிற்சியில் மணி அடித்த உடனே பள்ளிக்கூடம் முழுக்க பென்சில் விழுகிற சத்தம்! பிறகு நோட்டுகளைப் பார்த்தால் எழுத்து வராத ஒற்றைக்கொம்பு, வயிறு மட்டும் இருக்கிற 'ல', எல்லாம் சிவப்பு மையில் சரி போட்டு வாங்கினார்கள். செருப்புக்கும் வழி பிறந்தது. வாசலுக்கு நேரே விடாமல் பக்கச் சுவரோரம் பலகை அடித்துக் கொடுத்தார் தேசப்பன் அண்ணன். வெறுங்காலோடு ஓடி வந்ததில் இரண்டு பேருக்கு முள். அது போகட்டும்.

தம்பி தங்கை விஷயம்தான் அப்படியே நிற்கிறது. ஷைனி மறுபடியும் ஓடினாள். அதற்காகவே கூட்டம் போட்டோம். வந்தவர்கள் முன்பு நான் எழுதிய அதே ஆட்கள்தான்.

காயத்ரி டீச்சர் சொன்னது: அந்தந்த வகுப்பை அந்தந்த டீச்சர் கொண்டு வருவார். அண்ணன், அக்கா யாரும் திரும்பிப் போகக் கூடாது. "ஒரு பிள்ளையத் தேடிக்கிட்டு இன்னொரு பிள்ளை உள்ள போனா, நாம ரெண்டு பிள்ளையத் தேடணும்" என்றார். மறுக்க முடியவில்லை.

பச்சையம்மா மறுத்தாள். "இன்னா டீச்சர் பேசற? கூடப் பொறந்தத உட்டுட்டு வான்னு சொல்லிக் குடுக்கறதா? நாளைக்கு மனை பிரிக்கறப்போ அதுங்களே உட்டுட்டுப் பூடும். இப்பவே இன்னாத்துக்கு ட்ரெயினிங்கு?"

"ஏம்மே, சாம்பார மட்டும் உட்டுட்டு வர மாட்டற, புள்ளைங்கள சொல்ற" என்று தேசப்பன் அண்ணன் கிண்டல் செய்ய, அவள் கரண்டியைக் காட்ட, ஒரே பேஜாராகிவிட்டது. கடைசியில் காயத்ரி டீச்சர் என்னைப் பார்த்தார். "நாங்க எவ்ளோ சொன்னாலும் காலைல அம்மா சொல்றதுதான் பிள்ளைங்க காதுல நிக்கும். எல்லா வீட்லயும் அந்த வார்த்தையை மாத்தணும். மொதல்ல தலைவி வீட்ல ஆரம்பிங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஷைனிக்குத் தலை பின்னும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறேன். ரிப்பன் கட்டி முடியும்போது வருவது பழைய வார்த்தைதான். தம்பியப் பாத்துக்கோ, உட்டுட்டு வராதே. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். இவரிடம் சொன்னால், "கம்பெனில எங்களுக்கும் அதேதான் ரூலு. பக்கத்து மிசின்காரன் உள்ள இருந்தாலும் நீ வெளிய போவணும்" என்கிறார். மிஷின்காரனும் தம்பியும் ஒன்றா?

அந்த மணி ஒருநாள் நிஜமாக அடித்து, அவள் உள்ளே ஓடிவிட்டால் நான் என்ன செய்வேன்? நான் சொன்ன வார்த்தைக்காக ஓடியிருப்பாள். இதை நினைத்தால் ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்று மறந்துபோகிறது.

நீ எப்படிச் சொல்வாய், எழுது. விட்டுவிட்டு நடப்பது எப்படி என்று உனக்குத்தான் தெரியும்.

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும்.

உன் தங்கை
சுகிர்தா


சேசு மரி சூசை
மடம், கொடைரோடு
28.11.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். மெழுகுவத்திக்கு நன்றி. மாதா கேட்டுக்கொண்டாள், கட்டு அவிழ்த்தாயிற்று.

உன் கடிதத்தை இந்த முறை உணவு நேரத்தில் படித்துக் காட்டவில்லை.

ஷைனியிடம் 'தம்பியை விட்டுவிட்டு வா' என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கால் வராது. 'தம்பியைக் கூட்டி வர ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் பானு டீச்சர்' என்று சொல். அந்த டீச்சரை அவளுக்குப் பழக்கிவிடு. யார் கையில் விடுகிறோம் என்று தெரிந்தால்தான் விட முடியும்.

எனக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்பாய். கடவுள் கையில் விட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்வதற்கு நன்றாக இருந்தது. நான் மடத்துக்குக் கிளம்பிய காலையில் அம்மா நோயில் படுத்திருந்தாள். நீ சீருடையோடு வாசலில் நின்றாய். இனி அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீதான், இனி உனக்குப் பள்ளிக்கூடம் இருக்காது என்று எனக்குத் தெரியாது என்றால் பொய். தெரிந்தேதான் நடந்தேன். ஸ்டேஷனுக்குப் போகும் தெருமுனையில் திரும்பும்போது நான்

29.11. காலை.
நேற்று மணி அடித்தது, அங்கேயே விட்டு எழுந்தேன். இன்று தபால் எடுக்க வந்துவிட்டார்கள். ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. பார்க்கும் அறையும் அடைத்திருக்கும். ஜனவரியில் திறப்பார்கள்.

உன் அக்கா
பிரின்சி


கும்மிடிப்பூண்டி
13.12.2024

அன்புள்ள அக்காவுக்கு மரியே வாழ்க.

நீ இதை இப்போது பிரிக்க மாட்டாய் என்று தெரியும். பெட்டியில் கிடக்கட்டும். உன் சுகத்தை விசாரித்தால் அதுவும் பெட்டியில்தான் கிடக்கும். ஆனாலும் விசாரிக்கிறேன். நாங்கள் நலம். மழையில் பள்ளிக்கூடம் பாதி நாள் லீவு.

ஷைனியிடம் சொல்லிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே. தலை பின்னும்போது இல்லை, துணி மடிக்கும்போது. "தம்பிய பானு டீச்சர் கூட்டியாருவாங்க. நீ நேரா மரத்தடிக்கு வந்துடணும்" என்றேன்.

"பானு டீச்சர் வரலன்னா?"

"வருவாங்க."

"அவங்களுக்கும் ஊட்ல கொயந்த கீது. அது ஞாபகம் வந்து ஓடிட்டாங்கன்னா?"

பானு டீச்சரையே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் ஷைனியைக் கூப்பிட்டு, ஒன்றாம் வகுப்பை எப்படிக் கொண்டுவரப் போகிறார் என்று காட்டினார். பழைய புடவை ஒன்றை முறுக்கி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை பிடித்து நடக்கிறார்கள். கொடுத்தது என் புடவைதான், ஊதாவில் மாங்காய்க் கரை போட்டது. இன்னொன்றும் பானு டீச்சர் யோசனை. இதுவரை ஐந்தாம் வகுப்பு வரிசை கட்டடத்துக்கு முதுகு காட்டி நிற்கும். இனி அதைத் திருப்பி, பழைய கட்டடத்து வாசலைப் பார்த்து நிற்கவைக்கலாம் என்றார். "போகக் கூடாதுன்னா சரி. பார்க்கவும் கூடாதுன்னா பிள்ளைங்க எப்டி நிக்கும்?" என்றார்.

பெற்றோருக்கும் ஒரு விதி எழுதினோம். மணி கேட்டு ஓடி வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். தலை எண்ணி முடிக்கும்வரை உள்ளே வரக் கூடாது. அதை எழுதியவள் நான்.

மூன்றாம் பயிற்சியில் ஷைனி ஓடவில்லை. பழைய கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்து கொடிக்கம்பத்தில் இடித்துக்கொண்டாள். பின்மண்டையில் எலுமிச்சை அளவு வீக்கம். ஆனால் வந்துவிட்டாள்.

உன் கடிதத்தில் ஒரு வாக்கியம் 'நான்' என்பதோடு நிற்கிறது. மறுநாள் காலை தபாலைப் பற்றி எழுத நேரம் இருந்திருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உன் தங்கை
சுகிர்தா


சேசு மரி சூசை
மடம், கொடைரோடு
29.12.2024

அன்புத் தங்கைக்கு,

குழந்தை இயேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. நான் நலம். குடிலுக்கு ஆட்டுக்குட்டி செய்யும் வேலை எனக்கு. ஒன்றுக்குக் கால் ஒட்டவில்லை, படுக்கவைத்துவிட்டோம்.

அந்த வாக்கியத்தை முடிக்கலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். இந்தமுறை மணி அடிக்கவில்லை. ஆனால் எப்படி முடித்தாலும் எனக்குச் சாதகமாகவே வருகிறது. காகிதத்தில் யாருக்கும் எளிதில் நல்லவளாகிவிட முடிகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

பானு டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். பார்க்கவாவது விட வேண்டும் என்றாரே, அதை இங்கே சொன்னேன். தலைவி அம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஷைனியின் வீக்கம் வடிந்ததா?

இரண்டாம் ஞாயிறு திறந்திருக்கும். சாம்பல் புதன் வரைதான், பிறகு தவக்காலம் முழுக்க அடைப்பு.

உன் அக்கா
பிரின்சி


கும்மிடிப்பூண்டி
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு மரியே வாழ்க.

ஏறக்குறைய இரண்டு மாதமாக எழுதவில்லை. எல்லாரும் சுகம், அதை முதலில் படித்துக்கொள். மீதியை மெதுவாகப் படி.

போன திங்கள் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்: நான், தேசப்பன் அண்ணன், மாவு மில்லில் இருந்து கையெல்லாம் மாவோடு வந்த இரண்டு அம்மாக்கள், ஷிப்டுக்குக் கிளம்பி டிபன் கூடையோடு வந்த ஒரு அப்பா.

நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நீள மணி கேட்டது. பயிற்சி என்றால் எனக்குத் தெரியாமல் நடக்காது. கையைக் கழுவாமல் ஓடினேன். பழைய கட்டடத்துப் பக்கம் புகை. சமையற்கூடத்தில் கேஸ் ட்யூபை எலி கடித்திருக்கிறது, அடுப்புப் பற்றவைத்ததும் தீ தாவிவிட்டது. பச்சையம்மா இந்தமுறை எதையும் தூக்கவில்லை. சிலிண்டரை மூடி, சரவணகுமார் சார் சொல்லிக் கொடுத்தபடி ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, தானே ஓடிவந்து மணியை அடித்திருக்கிறாள். புருவம் கொஞ்சம் கருகிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள், வெறுங்காலோடு, பை இல்லாமல். ஐந்தாம் வகுப்பு வந்தது. ஷைனி மூன்றாவதாக வந்தாள். வரிசையில் நின்று பழைய கட்டடத்து வாசலைப் பார்த்தாள். வாசலில் புகைதான் வருகிறது. ஒன்றாம் வகுப்பு வரவில்லை.

அக்கா, அவள் நின்றாள். பக்கத்துப் பிள்ளைகள் அழுகிறார்கள், இவள் அழவில்லை. இரண்டு கையாலும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த வாசலையே பார்த்து நின்றாள். ஒரு முறை காலை முன்னால் வைத்தாள். பிறகு பின்னால் எடுத்துக்கொண்டாள்.

தோளால் தள்ளினால் கேட் திறந்துவிடும், தாழ்ப்பாள் போடவில்லை. தேசப்பன் அண்ணன் என் பின்னால் நின்று, "தங்கச்சி, நீ எழுதன ரூலு. நீயே தாண்டினா எல்லாம் தாண்டும்" என்று மெதுவாகச் சொன்னார். பாவம், அவருடைய கடைக்குட்டியும் ஒன்றாம் வகுப்புதான். நான் உள்ளே போகவில்லை. அவள் அங்கே நின்றாள், நான் இங்கே நின்றேன். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அடுத்த வார்த்தை வரவில்லை.

வாசல் பக்கம் புகை என்பதால் பானு டீச்சர் பிள்ளைகளைப் பின்கதவு வழியாக இறக்கி, மதிலோரம் சுற்றிக் கூட்டிவந்திருக்கிறார். அதனால்தான் தாமதம். எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். என் ஊதாப் புடவைதான் முதலில் கண்ணில் பட்டது. ஜோயல் முடிச்சை விட்டுவிட்டு ஓடி, ஷைனியின் ரிப்பனைப் பின்னாலிருந்து இழுத்து, "நாங்க வேற ரூட்ல வந்தோம்" என்றான். அவள் திரும்பி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள். தலை எண்ணி முடித்தார்கள். சரியாக இருந்தது. கேட்டைத் திறந்தார்கள்.

காயத்ரி டீச்சர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. மறுநாள் நாஷ்டாவும் தொடவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறாள். மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது தானாகவே வந்து உட்கார்ந்தாள்.

"நான் நின்னது கரெக்டாம்மா?"

"கரெக்ட்டுதாண்டா கண்ணு. எல்லாரும் சொன்னாங்கள்ல."

"கரெக்டுன்னா ஏன் எனக்குத் தப்பு பண்ண மாதிரி கீது?"

கையிலிருந்த துணியை இன்னொரு முறை மடித்தேன். அவளே, "பிரின்சி பெரிம்மாவும் உன்ன உட்டுட்டுத்தானே போச்சு? அதுக்கு எப்டி இருந்துச்சுன்னு கேட்டு எழுதும்மா" என்றாள். நான் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை. என் முகத்தில் படித்திருப்பாள்.

அன்றைக்கு நீ கிளம்பிய காலையைப் பற்றி எனக்கு இப்போது ஒன்று தெரிகிறது. நீ தெருமுனைக்குப் போய்ச் சேரும்வரை நான் வாசலில் நிற்கவில்லை. நீ பாதித் தெருவில் இருக்கும்போதே உள்ளே போய்விட்டேன். நீ திரும்பிப் பார்த்திருந்தால் வாசல் காலியாகத்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷமும் நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் உனக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

அந்த வாக்கியத்தைக் காகிதத்தில் முடிக்க வேண்டாம். நீ சொன்னது சரி. ஷைனிக்கு நேரில் சொல். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று உன் இரண்டாம் ஞாயிறு. பெட்டியில் துணிகூட எடுத்து வைத்தேன், கிளம்பவில்லை. அடுத்த இரண்டாம் ஞாயிறு தவக்காலத்தில் விழுகிறது. சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, மார்ச் இரண்டாம் தேதி, நானும் ஷைனியும் ஜோயலும் வரலாமா? தலைவி அம்மாவிடம் கேட்டு, சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை
சுகிர்தா